கமலா ஆரஞ்சு: எந்த மாதம், எந்த ஊர்ப் பழம்? (வாசகர் கேள்வி-பதில்)

கார்த்திகை பிறந்ததும் பழக்கடைகளில் ஆரஞ்சு குவியத் தொடங்குகிறது. அதைப் பற்றிய வாசகர் கடிதங்களும் அப்போதுதான் அதிகமாக வருகின்றன. இம்முறை அந்த ஒரே பழத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கேக் செய்முறைக் குறிப்பு ஒன்றில் ‘மாண்டரின் ஆரஞ்சு’ தேவை என்று இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் அதைச் சிறு வலைப்பையில் போட்டு மிக அதிக விலைக்கு விற்கிறார்கள். இது நாம் சாப்பிடும் கமலா ஆரஞ்சிலிருந்து வேறுபட்ட பழமா? திருச்சியில் கட்டுப்படியாகும் விலைக்கு எங்கே கிடைக்கும்?
(வாசகி, திருச்சி)

பதில்: வேறு பழம் அன்று. தோல் சதையோடு ஒட்டாமல் தளர்ந்திருந்து, கத்தி இல்லாமல் விரலாலேயே உரிபட்டு, சுளைகள் தனித்தனியாக எளிதில் பிரிந்து வருகின்ற ஆரஞ்சுகளையே மாண்டரின் என்கிறார்கள். தாவரவியலில் அதற்கு சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா என்று பெயர். நாம் காலம் காலமாக வாங்கும் கமலா ஆரஞ்சும், நாக்பூர் ஆரஞ்சும், குடகு ஆரஞ்சும் இந்த இனம்தான். தோல் இறுகிப் பிடித்திருக்கும் இனிப்பு ஆரஞ்சு வேறு வகை. நம் சாத்துக்குடி அந்த வகையைச் சேர்ந்தது. எலுமிச்சைக் குடும்பத்தின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இந்தக் குடும்பத்துக்கு மூலமாக நிற்கும் சில இனங்களுள் மாண்டரினும் ஒன்று என்றும், பம்ப்ளிமாசும் மாண்டரினும் கலந்து பிறந்ததே இனிப்பு ஆரஞ்சு என்றும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே சாத்துக்குடிக்குக் கமலா ஆரஞ்சு தாய்வழியிலோ தந்தைவழியிலோ மூதாதை முறை ஆகிறது.

வலைப்பையில் வருபவை பெரும்பாலும் கிளமென்டைன், அஃபூரர் போன்ற விதையில்லாத, அல்லது விதை மிகக் குறைந்த வெளிநாட்டு வகைகள். கப்பலில் குளிரூட்டிக் கொண்டுவரும் செலவும் இறக்குமதி வரியும் சேர்வதால்தான் அந்த விலை. உங்கள் கேக்குக்கு அது கட்டாயமில்லை. காந்தி மார்க்கெட்டில் டிசம்பரில் குவியும் நாக்பூர்ப் பழமே போதும். விதையை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். எலுமிச்சைக் குடும்பத்து விதைகளில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் உள்ளது. விதை மிக்சியில் அரைபட்டுவிட்டால் மாவு முழுவதும் கசந்துவிடும். எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் அதை மறைக்க முடியாது.

கேள்வி: ஒரே கடையில்தான் வாங்குகிறேன். ஒரு வாரம் ஆரஞ்சு தேனாக இருக்கிறது. அடுத்த மாதம் வாங்கினால் பல் கூசுகிறது. நல்ல பழம் வாங்க எந்த மாதம் சரியானது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கடை ஒன்றாக இருந்தாலும் பழம் வந்த ஊர் மாறியிருக்கும். ஆரஞ்சு வாங்குபவர் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்பு ஊரைக் கேட்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகச் சந்தைகளுக்கு வருவதில் பெரும்பங்கு நாக்பூர்ப் பழம். பெயர் நாக்பூர் என்றாலும், அது அமராவதி மாவட்டத்தின் வருட், மோர்ஷி பகுதிகளிலும், எல்லையை ஒட்டிய மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பக்கத்திலும் பரந்து விளைகிறது. 2014-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பகுதியில் மரத்துக்கு ஆண்டில் இரண்டு பூப்பருவங்கள் உண்டு. விவசாயிகள் பாசனத்தை நிறுத்தி மரத்தைச் சில வாரம் வாடவிட்டு, இலை சோர்ந்த பிறகு மீண்டும் நீர் பாய்ச்சி, தாங்கள் விரும்பும் பருவத்தில் அதைப் பூக்க வைக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் பூத்து ஆண்டின் கடைசி மாதங்களில் பழுப்பதை ‘அம்பியா’ என்றும், பருவமழை தொடங்கும்போது பூத்து பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழுப்பதை ‘மிருக்’ என்றும் சொல்கிறார்கள். அம்பியாப் பழத்தில், அதிலும் பருவத் தொடக்கத்தில் அவசரமாகப் பறித்த பழத்தில், புளிப்பு தூக்கலாக இருக்கும். மிருக் பழம் இனிப்புக்குப் பெயர்பெற்றது. பிப்ரவரி மாத இறுதியிலோ மார்ச் மாதத்திலோ நாக்பூர்ப் பழம் என்று உறுதியாகச் சொல்லி விற்றால் தயங்காமல் வாங்கலாம்.

இவ்விரண்டு பருவங்களுக்கும் இடையில், டிசம்பர் நடுப்பகுதி தொடங்கி மார்ச் வரை, பளபளப்பும் அழுத்தமான நிறமும் கொண்டு, தோல் சற்று இறுகி, கையில் எடுத்தால் கனமாக ஒரு பழம் வருகிறது. அது கின்னோ. கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையத்தில் ஹோவர்ட் ஃப்ராஸ்ட் என்பவர் ‘கிங்’, ‘வில்லோ லீஃப்’ என்ற இரண்டு மாண்டரின் வகைகளைக் கலந்து உருவாக்கி, 1935-இல் வெளியிட்ட கலப்பினம் இது. பிறந்த நாட்டில் அவ்வளவாக எடுபடாத இந்தப் பழம் பஞ்சாபின் வெயிலுக்கும் குளிருக்கும் அப்படிப் பொருந்திப்போயிற்று. இன்று இந்தியப் பஞ்சாபின் அபோஹர் வட்டாரமும், எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சர்கோதாவும் அதற்கே பெயர் போனவை. சாறு பிழிய கின்னோவுக்கு இணையாக நம் சந்தையில் வேறு மாண்டரின் இல்லை. உரித்துச் சாப்பிடுவதற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்: விதை மிக அதிகம், சுளையின் மேல்தோலும் சற்றுத் தடிப்பு.

மே முதல் செப்டம்பர் வரை இந்திய மாண்டரின் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அந்த மாதங்களில் கிடைப்பது பூமியின் தென்பாதியில், அதாவது நமக்கு வெயில் கொளுத்தும்போது குளிர்காலத்தில் இருக்கும் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விளைந்த பழம். வலைப்பையின் சீட்டில் நாட்டின் பெயர் இருக்கும். ஜூலையில் ‘எகிப்து’ என்றோ ‘ஸ்பெயின்’ என்றோ அந்தச் சீட்டு சொன்னால், அது பல மாதம் குளிர்கிடங்கில் இருந்த பழம் என்று பொருள், விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைவிடக் கனத்தைப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களை இரு கைகளிலும் ஏந்தி, கனமானதை எடுத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த தோல் இந்தப் பழத்தின் இயல்புதான். ஆனால், அழுத்தினால் உள்ளே வெற்றிடம் தட்டுப்பட்டுத் தோல் மட்டும் உப்பி நிற்கும் பழம் மரத்திலேயே முற்றிப்போனது. அதன் சுளை சக்கையாக இருக்கும்.

கேள்வி: என் சிறுவயதில் மதுரைக்குக் கொடைக்கானல் மலை ஆரஞ்சு கூடை கூடையாக வரும். அந்த மணமே தனி. இப்போது அது கண்ணிலேயே படுவதில்லை. எங்காவது இன்னும் கிடைக்கிறதா?
(வாசகர், மதுரை)

பதில்: கிடைக்கிறது, ஆனால் அது உங்களைத் தேடி மதுரைக்கு வராது, நீங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் பழம் கொடைக்கானல் நகரத்தில் விளைந்ததன்று. நகரம் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், மாண்டரினுக்கு ஒவ்வாத குளிரில் இருக்கிறது. அந்தப் பழம் விளைந்தது கீழ்ப்பழனி மலையின் நடுத்தர உயரங்களில், அதாவது தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, தடியன்குடிசை போன்ற ஊர்களின் காப்பித் தோட்டங்களில். நம் மாநிலத்தில் மாண்டரினுக்கு உகந்த உயரம் 500 முதல் 1,500 மீட்டர் வரை. ஆண்டுக்கு 150 முதல் 250 சென்டிமீட்டர் மழை, நீர் தேங்காத ஆழமான மண், கோடையில் அனல்காற்று வீசாத சூழல் ஆகிய மூன்றும் உடன் அமைய வேண்டும். அந்த மலைச்சரிவில் இவை அனைத்தும் அமைந்திருந்தன. காப்பிச் செடிக்கு மேலே மிளகுக் கொடி ஏறிய நிழல் மரங்கள், இடையிடையே மலைவாழை, அவற்றுடன் விதையிலிருந்து வளர்த்த கமலா ஆரஞ்சு மரங்கள் என்று கலந்து பயிர் செய்தார்கள்.

அந்த மரங்கள் பட்டுப்போனதற்கு முதன்மையான காரணம் பச்சையாதல் நோய். மரத்தின் உணவு ஓடும் திசுவுக்குள் வாழும் ஒரு வகைப் பாக்டீரியாவால் வரும் இந்நோயைச் சில்லா என்ற மிகச் சிறிய சாறுறிஞ்சிப் பூச்சி மரத்துக்கு மரம் பரப்புகிறது. நோய் கண்ட மரத்தின் இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நடு நரம்புக்கு இடப்புறம் உள்ள மஞ்சள் திட்டுகளும் வலப்புறம் உள்ளவையும் ஒத்திருக்காமல் தாறுமாறாக இருப்பது தெரியும். சத்துக் குறைபாட்டால் வரும் மஞ்சள் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். விவசாயிகள் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே நோயை முன்கூட்டி ஊகிக்கலாம். பிறகு பழம் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகும், அடிப்பகுதி பழுக்காமல் பச்சையாகவே நிற்கும், விதைகள் பொக்காகும். கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். இதைத் தீர்க்க உலகில் இன்றுவரை மருந்து இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2005-இல் கண்டறியப்பட்ட பின்பு அங்குள்ள ஆரஞ்சுத் தொழிலையே இந்நோய் குலைத்துவிட்டது. நம் மலைகளில் இதனுடன் வேரழுகலும் டிரிஸ்டெசா என்ற நச்சுயிரி நோயும் சேர்ந்துகொண்டன. நட்டம் தாங்க முடியாத தோட்டக்காரர்கள் பட்டுப்போன மரத்தின் இடத்தில் மிளகையும் வாழையையும் வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குடகிலும் இதே கதைதான் நடந்தது. அந்தப் பழம் புவிசார் குறியீடு பெற்ற பின்பும் தோட்டங்கள் மீளவில்லை.

ஆயினும் எல்லா மரங்களும் அழிந்துவிடவில்லை. கார்த்திகை முதல் தை வரை, வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் சாலையில் போனால் வழியிலுள்ள ஊர்க் கடைகளிலும், காப்பித் தோட்டத்து வாசல்களிலும் கேட்டுப் பாருங்கள். பெரிய குவியல் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கூடையோ அரைக்கூடையோ இருக்கும். பச்சையும் மஞ்சளும் கலந்து, தோலில் சொறித் தழும்புடன் இருப்பதால், நாக்பூர்ப் பழத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது கழித்துப்போட்ட பழமாகவே தோன்றும். நகத்தால் தோலைக் கீறியதும் கிளம்பும் எண்ணெய் மணம்தான் அதன் அடையாளம். நீங்கள் நினைவில் வைத்திருப்பதும் அந்த மணத்தைத்தான். ஏற்காட்டிலும் சில தோட்டங்களில் இத்தகைய மரங்கள் உண்டு. வாங்கும்போது பேரம் பேசாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தோட்டக்காரர் எஞ்சியுள்ள மரத்தை வெட்டாமல் காப்பாற்றுவதற்கு அந்தப் பழத்துக்கு நல்ல விலை கிடைப்பது ஒன்றே காரணமாக இருக்க முடியும்.

கேள்வி: அக்டோபரில் வாங்கும் ஆரஞ்சு பச்சையாக இருக்கிறது. சில கடைகளில் அதே நாளில் நல்ல நிறத்துடன் விற்கிறார்கள். கார்பைடு போட்டுப் பழுக்கவைத்ததா? பச்சைப் பழத்தை அரிசிப் பானையில் வைத்தால் இனிக்குமா?
(வாசகி, சென்னை)

பதில்: இனிக்காது. மாவும் வாழையும் மரத்திலிருந்து பறித்த பின்பும் பழுத்து இனிப்பேறும் பழங்கள். ஆரஞ்சுக்கு அந்த இயல்பு கிடையாது. பறித்த அன்று எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். அரிசிப் பானையில் வைத்தால் தோல் சற்று மஞ்சளாகலாம், புளிப்பு மிகச் சிறிது தணியலாம், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

தோலின் பச்சைக்கும் உள்ளே உள்ள இனிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரவுகள் குளிர்ந்தால்தான் தோலின் பச்சையம் சிதைந்து ஆரஞ்சு நிறம் வெளிப்படும். குளிர் வராத இடத்தில் நன்கு முற்றிய பழமும் பச்சையாகவே இருக்கும். தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் பச்சைத் தோல் மாண்டரினை மக்கள் விரும்பி உண்கிறார்கள். வணிகர்கள் எத்திலீன் வாயு அறையில் வைத்துத் தோலின் நிறத்தை மாற்றுவது உண்டு. கால்சியம் கார்பைடு நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவோ குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டது, காய்கள் தாமாகவே வெளியிடும் வாயுவும் அதுதான். எனவே நிறம் ஏற்றிய பழம் என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை; ஏமாற வாய்ப்பு இருப்பது சுவையில்தான். முற்றாத காய்க்கும் அந்த அறை நிறம் கொடுத்துவிடும். ஒரு பழத்தை உரித்துச் சுவைத்துப் பார்க்கக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: சீனப் புத்தாண்டின்போது அண்டை வீட்டார் எங்களுக்கு ஆரஞ்சு இரண்டு இரண்டாகக் கொடுக்கிறார்கள். அவை எங்கிருந்து வருகின்றன? பண்டிகை முடிந்ததும் கடைகளில் மறைந்துவிடுகின்றனவே, பிறகு எங்கே தேடுவது?
(வாசகர், பினாங்கு)

பதில்: இரட்டைப்படையில் கொடுப்பது நல்லவை இணையாக வரட்டும் என்ற வாழ்த்து, பொன்னிறப் பழம் செல்வத்தின் அடையாளம். உங்கள் வீட்டாரும் பதிலுக்கு இரண்டு பழங்களைக் கையில் கொடுத்தனுப்பினால் அண்டை வீட்டார் மகிழ்வார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. பண்டிகையின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே இரவில், உங்கள் ஊர்க் கடற்கரைத் திடலில் திருமணமாகாத பெண்கள் நல்ல கணவர் அமைய வேண்டி இந்தப் பழத்தைக் கடலில் வீசுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பழங்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. உலகில் மிக அதிகமாக மாண்டரின் விளைவிக்கும் நாடு அதுதான். மேல்பக்கம் சிறிது கழுத்துப் போல எழும்பி, தோல் தடித்துத் தளர்ந்து, பெரிதாக இருப்பது பொன்கான் வகை. ஃபூஜியன் மாநிலத்தின் யோங்சுன் பகுதியில் விளையும் லுகான் அதில் புகழ்பெற்றது. அறுவடை குளிர்காலத்தில் நடப்பதாலும், பண்டிகை ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வருவதாலும், இரண்டும் பொருந்திப்போகின்றன. வணிகர்களும் அந்தச் சில வாரங்களுக்காகவே பெட்டி பெட்டியாக இறக்குகிறார்கள். மற்ற மாதங்களுக்கு உங்கள் நாட்டிலேயே விடை இருக்கிறது. திரங்கானுவில் விளையும் லிமாவ் மாடு மாண்டரின் இனமே. தோல் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், சாறு தேன் போல இனிக்கும். இறக்குமதிப் பழத்தின் அழகுக்குப் பழகியவர்கள் அதைச் சந்தையில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: டிசம்பரில் வடகிழக்கு மாநிலங்களுக்குச் செல்கிறோம். அங்கே ஆரஞ்சு சிறப்பு என்கிறார்களே, எங்கே சாப்பிடலாம்?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: சரியான மாதத்தில் போகிறீர்கள். மாண்டரின் இனத்தின் பழமையான இருப்பிடங்களுள் ஒன்றுக்குப் போகிறீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மேகாலயாவின் காரோ மலையில் உள்ள நோக்ரெக் உயிர்க்கோளக் காப்பகத்தில் சிட்ரஸ் இண்டிகா என்ற காட்டு ஆரஞ்சு இன்னும் இயற்கையாக வளர்கிறது. அதற்கென்றே அங்கு ஒரு மரபணுச் சரணாலயம் அமைத்திருக்கிறார்கள்.

உண்பதற்கு நீங்கள் தேட வேண்டியது காசி மாண்டரின். சோஹ்ரா என்று உள்ளூரார் அழைக்கும் சிரபுஞ்சிக்குக் கீழே, வங்கதேசத்தை நோக்கிச் சரியும் தெற்குச் சரிவுகளில், ஷெல்லா, பைனுர்ஸ்லா, டாவ்கி பக்கங்களில் அது விளைகிறது. ‘சோ நியாம்த்ரா’ என்று கேட்டால் காசி மக்கள் புரிந்துகொள்வார்கள். ஷில்லாங்கில் இயூடு என்னும் பெரிய சந்தையில் அது மூங்கில் கூடைகளில் வந்து இறங்கும். மெல்லிய தோலும், இனிப்பையும் புளிப்பையும் சம அளவில் உடைய சாறும் கொண்ட அந்தப் பழத்தை நம் நாட்டு மாண்டரின்களில் முதலிடத்தில் வைப்பேன். மரங்கள் பூக்கும் பருவத்தில் எடுத்த ஆரஞ்சுப்பூத் தேனும் அதே சந்தையில் கிடைக்கும். டார்ஜிலிங் பக்கம் போவதாக இருந்தால், கர்சியாங்குக்கு அருகிலுள்ள சிட்டாங் கிராமத்தில் தோட்டத்துக்குள்ளேயே தங்கலாம். மணிப்பூரின் தமெங்லாங்கில் டிசம்பரில் ஆரஞ்சுத் திருவிழா நடக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிது நிலம் உள்ளது. சாப்பிட்ட ஆரஞ்சின் விதையைப் போட்டு மரம் வளர்க்கலாமா? சேலத்து மாடியில் தொட்டியில் வருமா?
(வாசகர், சேலம்)

பதில்: ஏற்காட்டில் வரும், சேலத்து மாடிக்கு எலுமிச்சையோடு நின்றுகொள்ளுங்கள்.

பல பழங்களில் விதையிலிருந்து வளரும் கன்று தாய்மரத்தைப் போல இருக்காது. நாக்பூர், குடகு வகை மாண்டரின் இதற்கு விலக்கு. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கை இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உருவானவை என்பதால், தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். பச்சையாதல் நோய் ஒட்டுக்குச்சி வழியாகப் பரவக்கூடியது, விதை வழியாகப் பரவுவதில்லை என்பது இன்னொரு சாதகம். பொறுமைதான் அதிகம் வேண்டும்: நல்ல ஒட்டுக்கன்று நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும், விதைக்கன்று அதைவிட நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும்.

ஒட்டுக்கன்று வாங்குவதாக இருந்தால் சாலையோர நாற்றங்காலில் வாங்காதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் உங்கள் ஏற்காட்டிலும் தடியன்குடிசையிலும் உள்ளன, அங்கே கேளுங்கள். நாக்பூரில் உள்ள மத்திய எலுமிச்சையின ஆராய்ச்சி நிறுவனம் நோயற்ற கன்றுகளை உருவாக்கித் தருகிறது. மே, ஜூன் மாதங்களிலோ செப்டம்பர், அக்டோபரிலோ 75 சென்டிமீட்டர் ஆழ, நீள, அகலக் குழியில், 6 மீட்டர் இடைவெளி விட்டு நடுங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அருகில் கறிவேப்பிலை வைக்காதீர்கள். சில்லாப் பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் பெருகும்.

கேள்வி: கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கிரேப் ஃப்ரூட் கூடாது என்றார் மருத்துவர். கமலா ஆரஞ்சும் கூடாதா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: கிரேப் ஃப்ரூட்டிலுள்ள சில பொருள்கள் ஒருசில கொழுப்பு மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் உடலில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். பம்ப்ளிமாசிலும் அந்தப் பொருள்கள் உண்டு, அதைத் தவிருங்கள். சாதாரண மாண்டரினில் அவை பொருட்படுத்தும் அளவில் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும், எத்தனை பழம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

கேள்வி: டின்னில் அடைத்த மாண்டரின் சுளைகளில் மேல்தோலே இல்லையே, அதை எப்படி உரிக்கிறார்கள்? தினமும் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
(வாசகி, பெங்களூரு)

பதில்: அது பெரும்பாலும் சட்சுமா என்ற விதையில்லா வகை. சுளைகளை முதலில் மிக நீர்த்த அமிலக் கரைசலிலும், பிறகு நீர்த்த காரக் கரைசலிலும் மிதக்கவிட்டு, மேல்தோல் கரைந்ததும் பலமுறை தண்ணீரில் அலசிச் சர்க்கரைப் பாகில் அடைக்கிறார்கள். முறையாக அலசிய சுளையால் கெடுதல் இல்லை. ஆனால் நார்ச்சத்தில் ஒரு பகுதி அந்தத் தோலோடு போய்விடுகிறது, பாகின் சர்க்கரை கூடிவிடுகிறது. கேக்குக்கு மேலே அலங்கரிக்க வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குத் தினமும் கொடுக்கப் புதுப்பழம் இருக்கும்போது டின் வேண்டாம்.

கேள்வி: ஆரஞ்சுத் தோலில் குழம்பு வைப்பேன். இப்போது வரும் பழங்களில் மெழுகு பூசுகிறார்கள் என்கிறார்கள். தோலைப் பயன்படுத்தலாமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: நெடுந்தூரம் பயணப்படும் பழங்களுக்கு, குறிப்பாக கின்னோவுக்கும் இறக்குமதிப் பழங்களுக்கும், ஈரம் வற்றாமல் இருக்க மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுக்கிறார்கள். தேன்மெழுகு, கார்னபா, அரக்கு ஆகியவை இதற்கு அனுமதிக்கப்பட்டவை. அந்த மெழுகைவிட எனக்குக் கவலை தருவது அதற்கு அடியில் தங்கியிருக்கக்கூடிய பூசணக்கொல்லி. ஆகவே குழம்புக்குப் பளபளக்காத பழத்தின் தோலை எடுங்கள். மலை ஆரஞ்சு கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நாக்பூர்ப் பழமானால் வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகு உரியுங்கள்.

தோலின் உட்பக்கத்து வெள்ளைப் பகுதியைக் கரண்டி விளிம்பால் சுரண்டி எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கி, உப்புநீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தால் கசப்பில் பெரும்பங்கு போய்விடும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, தோலைச் சுருள வதக்கிய பின்பு புளிக்கரைசலையும் மிளகாய்த்தூளையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரியும்போது ஒரு சிறு துண்டு வெல்லம் போட்டு இறக்குங்கள். தோலை உரித்த அன்றே வதக்க வேண்டும். ஒரு நாள் வெளியில் கிடந்து உலர்ந்த தோலில் மணம் பறந்துபோய்க் கசப்பு மட்டுமே எஞ்சியிருக்கும்.